கம்பியில் குத்திய மடல்: ஆடு வளர்ப்போர் செய்திமடலுக்குக் கருத்துக் கேட்ட அனுபவம்

சென்ற ஆண்டு ஐப்பசியின் முதல் மழை பெய்து, கண்மாய்க்கரைகளில் இளம்புல் தலைகாட்டிய சில நாட்களுக்குள், எங்கள் சங்க உறுப்பினர் ஒருவருடைய பட்டியில் ஏழு செம்மறிகள் அடுத்தடுத்துச் செத்தன. கொழுத்திருந்த குட்டிகள்தாம் முதலில் விழுந்தன. துள்ளி விழுந்து, காலை உதைத்துக்கொண்டு, மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லி முடிப்பதற்குள் அடங்கிவிட்டன. துள்ளுமாரி நோய் என்று மருத்துவர் சொன்னபோது எவரும் வியக்கவில்லை. மழைக்குப் பின் முளைக்கும் புல்லை ஆடு அளவுக்கு மீறி மேயும்போது, குடலில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர் திடீரெனப் பெருகி நஞ்சைக் கக்குவதால் வருவது அது. மழைக்கு முன்னரே ஊசி போட்டிருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம். நான் விசாரிக்கப் போயிருந்தபோது, அவர் வீட்டுத் திண்ணைச் சுவரில் தொங்கிய கம்பியில், மின்கட்டண அட்டைக்கும் ரேஷன் கடைச் சீட்டுகளுக்கும் நடுவே எங்கள் ஆவணி மாத மடல் குத்தப்பட்டிருந்தது. மழைக்கு முன் போட வேண்டிய தடுப்பூசிகளைப் பற்றி நானே எழுதிய குறிப்பு அதன் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மடிப்பு பிரிக்கப்படவே இல்லை.

ஏழு ஆடு என்றால் ஒரு சிறு வளர்ப்பாளருக்கு ஓர் ஆண்டின் பிழைப்பு. அந்த வீட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே, மடலைப் பற்றி வாசகர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதைத் திருத்தி அமைப்பது என்று முடிவு செய்தேன். அடுத்த ஆறு மாதங்களில் என்ன செய்தேன், எது பலித்தது, எது வீணாயிற்று என்பதை, இதுபோன்ற சிறு மடல் நடத்தும் பிறருக்குப் பயன்படலாம் என்று எழுதிவைக்கிறேன்.

எங்கள் சங்கம் சிறியது. கடலாடி, சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடி வட்டாரத்தில் இராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியும் கொடி ஆடும் வளர்ப்பவர்கள் சேர்ந்து நடத்துவது. கொடி ஆட்டில் கரும்போரை, செம்போரை இரண்டும் எங்களிடம் உண்டு. வெள்ளை உடலில் கருப்புத் தெளிப்பா, செம்பழுப்புத் தெளிப்பா என்பதுதான் அந்தப் பெயர்களின் வேறுபாடு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான்கு பக்க மடல் அச்சிடுகிறோம், 240 படிகள். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினெட்டு செம்மறிகள் வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை பார்க்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் மடலின் ஆசிரியர் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மடலின் அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் எனக்கு மாதிரி எதுவும் கிடைக்காததால், ஆஸ்திரேலியாவில் வேலை செய்யும் என் மருமகன், அங்கே அல்பாக்கா வளர்ப்போர் குழு ஒன்று வெளியிடும் மடலின் சில இதழ்களை அனுப்பிவைத்தார். வழவழப்பான தாள், அழகான படங்கள். நான் அதை அப்படியே சட்டமாக வைத்துக்கொண்டேன்: முதல் பக்கம் தலைவர் உரை, இரண்டாம் பக்கம் கண்காட்சிச் செய்தி, மூன்றாம் பக்கம் நலக்குறிப்பு, நான்காம் பக்கம் பொலிகிடா (இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் ஆடு) விளம்பரம். அல்பாக்கா தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டுப் பிராணி. ஒட்டக இனத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்கொரு முறை ரோமம் கத்தரிக்கப்படுவது. சினைக்காலம் ஏறக்குறைய பதினொன்றரை மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி. அதை வளர்ப்பவர்களுக்கு இழையின் மென்மை எத்தனை மைக்ரான் என்பதும், எந்த ஆண் விலங்கு எந்தக் கண்காட்சியில் வென்றது என்பதும் தொழிலின் உயிர்ச்செய்திகள்; அவை முன்பக்கத்தில் வருவது நியாயம். எங்கள் ஆடுகள் இறைச்சிக்கானவை; ஐந்து மாதத்தில் ஈனுபவை; அவற்றை வளர்ப்பவர் விடியலில் தொரட்டியோடு கிளம்பி இருட்டிய பின் திரும்புபவர். அந்த மடல் அவர்கள் ஊருக்குச் சரியாகத்தான் இருந்தது. சட்டையின் அளவு பாராமல் போட்டுக்கொண்டவன் நான்.

முதல் முயற்சி, படித்தவன் செய்யும் முயற்சியாகவே இருந்தது. மார்கழி மாத மடலோடு 50 காசு அஞ்சலட்டை ஒன்றை, எங்கள் முகவரியை அச்சிட்டு இணைத்தேன். மறுபக்கத்தில் பதினான்கு கேள்விகள். “மடலின் உள்ளடக்கம் தங்களுக்குப் பயனுள்ளதாக உள்ளதா? மிகவும் / ஓரளவு / இல்லை” என்பது போன்றவை. இதே கேள்விகளைக் கைப்பேசியில் நிரப்பும் படிவமாகவும் என் மகள் செய்து கொடுத்தாள். 240 அட்டைகளில் பத்தொன்பது திரும்பி வந்தன. அவற்றில் பதினாறில் எல்லாக் கேள்விகளுக்கும் “மிகவும்” என்பதே குறிக்கப்பட்டிருந்தது. ஒன்றில் “எழுத்தைப் பெருசாப் போடவும்” என்று எழுதியிருந்தார்கள். ஒன்று வெறுமையாக வந்தது. ஒன்றில் சங்கச் சந்தா கட்டிய ரசீது இன்னும் வரவில்லை என்ற புகார் இருந்தது. கைப்பேசிப் படிவத்தில் வந்த ஆறு பேரில் நால்வர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள். அப்பா அனுப்பிய படத்தில் மடலைப் பார்ப்பதாகவும், ஊர் ஆட்டைப் பார்க்க ஆசையாக இருப்பதால் படங்களைக் கூட்டும்படியும் கேட்டிருந்தார்கள். அவர்கள் ஆசையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவர்கள் பட்டியில் நிற்பவர்கள் அல்லர்.

பதினாறு பேர் “மிகவும்” என்று குறித்ததைப் பார்த்து மகிழ எனக்குத் தோன்றவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நின்றவனுக்கு அந்த விடை பழக்கமானது. பாடத்தை முடித்துவிட்டு “புரிந்ததா?” என்று கேட்டால் நாற்பது குரல்கள் “புரிந்தது ஐயா” என்று சொல்லும், ஒருவனை எழுப்பி, “சரி, நீ போய்க் கரும்பலகையில் எழுது” என்றால்தான் உண்மை வெளிவரும். வாத்தியார் கேட்டால் நல்லது என்று சொல்வதுதான் மரியாதை என்று நினைக்கும் மக்களிடம், நான் வாத்தியாராகவே போய்க் கேள்வித்தாள் நீட்டியிருக்கிறேன்.

ஆகவே பொங்கல் கழிந்த பின், கையில் தாளில்லாமல் நேரில் போவதென்று தீர்மானித்தேன். மடல் எப்படி இருக்கிறது என்று கேட்பதே இல்லை என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள்: கடைசியாக வந்த தாள் இப்போது எங்கே இருக்கிறது? அதை வீட்டில் யார் கையில் எடுத்தார்கள்? கடந்த ஆறு மாதத்தில் ஆட்டுக்கு வந்த தொல்லை என்ன, அதை யாரிடம் கேட்டீர்கள்? முதல் கேள்விக்குத்தான் எவரும் மரியாதைக்காகப் பொய் சொல்ல முடியாது. எழுந்துபோய் எடுத்துக் காட்டவேண்டும் அல்லவா?

முதலில் போனது ஏழு செம்மறியைப் பறிகொடுத்தவரிடம். மடிப்பைப் பிரிக்கவில்லையே என்று குத்திக்காட்டாமல், தாள் வந்த அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். “முன்னால தலைவர் படம் போட்டிருந்துச்சுங்க சார். மீட்டிங் நோட்டீசுன்னு நெனச்சுக் கம்பில குத்திட்டேன்” என்றார். பதினான்கு கேள்விகளால் கிடைக்காதது இந்த ஒரு விடையில் கிடைத்துவிட்டது. அவர் சோம்பலால் படிக்காமல் விடவில்லை. எங்கள் மடல் தன்னைக் கூட்ட அறிவிப்பு என்று தானே அறிமுகம் செய்துகொண்டது.

அடுத்து நான் கற்றுக்கொண்டது சிக்கல் என்ற ஊருக்குத் தெற்கே, அறுப்பு முடிந்த ஒரு வயலில் போட்டிருந்த கிடையில், அதாவது மந்தையை இரவில் அடைத்துவைக்கும் இடத்தில். மந்தையை நடத்திச் செல்லும் கீதாரி எழுபதைத் தாண்டிய பெரியவர்; எழுதப் படிக்கத் தெரியாதவர். இன்னும் பத்து நாளில் கிடையைக் கிளப்பிக்கொண்டு தஞ்சைப் பக்கம் போக இருந்தார். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தி இரவுச் சோறு கொண்டுவந்திருந்தாள். ஆடுகள் அடைப்புக்குள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்க, குட்டிகளை மூடிவைக்கும் கொடாப்புக் கூடைக்குள் குட்டிகள் முனகிக்கொண்டிருந்தன. தாள் எங்கே என்று கேட்டதும், பெரியவர் சொன்னார்: “தாளு வருது வாத்தியாரய்யா. இந்தப் புள்ள இருந்தா வாசிக்கும். இல்லாட்டி அப்படியே கெடக்கும்.” நான் என் பையிலிருந்த ஆவணி மடலைக் கொடுத்து, வழக்கமாக எப்படி வாசிப்பாளோ அப்படியே வாசிக்கச் சொன்னேன். கைப்பேசி வெளிச்சத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவள் தொடங்கினாள். அவள் தடுக்கிய ஒவ்வோர் இடத்திலும் நான் என் படியில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன்.

“நோய்த்தடுப்பாற்றல்” என்ற சொல்லில் இரண்டு முறை தடுக்கினாள். அது நான் எதிர்பார்த்தது. எதிர்பாராதது அடுத்த வரி. “தடுப்பூசிகளைக் கீழ்க்காணும் அட்டவணையில் குறிப்பிட்டுள்ளவாறு உரிய காலத்தில் போடவேண்டும்” என்று வாசித்துவிட்டு, அவள் அட்டவணையைப் பார்த்தாள், வாய் நின்றுவிட்டது. ஐந்து பத்திகளும் ஆறு வரிசைகளும் கொண்ட கட்டத்தைக் குரலில் எப்படி வாசிப்பது? மேலிருந்து கீழாகவா, இடமிருந்து வலமாகவா? சற்றுத் திணறிவிட்டு அதைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போய்விட்டாள். “கீழ கட்டம் போட்டிருக்கு தாத்தா” என்று மட்டும் சொன்னாள். பெரியவர் விடவில்லை. “கட்டம் கெடக்கட்டும், எந்த மாசம்னு சொல்லு.” அவள் தேடிப்பார்த்து, “செப்டம்பர்” என்றாள். “அது ஆவணியா, பொரட்டாசியா?” அவளுக்குத் தெரியவில்லை. எனக்கே ஒரு கணம் கணக்குப் போட்டுத்தான் சொல்லவேண்டியிருந்தது. மழையை ஐப்பசி, கார்த்திகை என்றும், காற்றை ஆடி என்றும் அறிந்தவரிடம், நான் செப்டம்பர் என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிரவு கிடையிலிருந்து திரும்பியபோது, எனக்கு வாசகர்கள் இருந்ததைவிடக் கேட்பவர்களே மிகுதி என்பது விளங்கிவிட்டது. அதன் பிறகு போன இருபத்திரண்டு வீடுகளில் பதிமூன்றில் இதே நிலைதான். பேரப்பிள்ளையோ மருமகளோ வாசிக்க, ஆட்டைப் பார்த்துக்கொள்பவர் கேட்கிறார். கண்ணுக்காகச் செய்த தாளைக் காதுக்காகத் திருத்தவேண்டியிருந்தது. அட்டவணை, “மேற்கண்ட”, “கீழ்க்காணும்”, அடைப்புக்குறி, நட்சத்திரக் குறிப்பு என்று எனக்கு மிகவும் பிடித்த எல்லா அலங்காரங்களும் குரலில் உதிர்ந்துபோகின்றவை.

மருந்தளவுச் சிக்கல் இதைவிடக் கடுமையானது. இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். குடற்புழு நீக்கத்துக்கு அல்பெண்டசோல் மருந்தைச் செம்மறிக்கு “கிலோ எடைக்கு 7.5 மில்லிகிராம்” என்று முன்பு அச்சிட்டிருந்தோம். தவறில்லாத செய்திதான். ஆனால் நான் கேட்ட வீடுகளில் பெரும்பாலோர் “எத்தனை மூடி சார்?” என்றே திருப்பிக் கேட்டார்கள். மூடி புட்டிக்குப் புட்டி வேறுபடும். அதுமட்டுமன்று, கடைகளில் 2.5 விழுக்காடு செறிவுள்ள மருந்தும் கிடைக்கிறது, 10 விழுக்காடு உள்ளதும் கிடைக்கிறது. ஒரே மூடியில் இரண்டாவதை ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகும். ஒரு வீட்டில் இரண்டு புட்டிகளும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக மாடக்குழியில் இருந்ததைக் கண்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மருத்துவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 2.5 விழுக்காட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம். 10 கிலோ செம்மறிக்கு வேண்டியது 75 மில்லிகிராம். ஆகவே 3 மில்லி. இதை “புட்டியில் 2.5 என்று போட்டிருந்தால், செம்மறிக்குப் பத்துக் கிலோவுக்கு மூன்று மில்லி, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சால் அளக்கவும்” என்று ஒரே வாக்கியமாக்கினோம். 10 என்று போட்டிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவேண்டாம் என்றும், வெள்ளாட்டுக்கு அளவு வேறு என்றும் அடுத்த இரண்டு வாக்கியங்கள். அப்புறம் ஆட்டின் எடையை எப்படி அறிவது என்ற கேள்வி வந்தது. தராசு எல்லார் வீட்டிலும் இல்லை. தையல்காரர் டேப்பால் முன்னங்கால்களுக்குப் பின்னே மார்ச்சுற்றை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 660 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். மார்ச்சுற்று 26, நீளம் 24 என்றால் இருபத்து நான்கரைக் கிலோ. இந்தக் கணக்கைப் பள்ளிப்பிள்ளைகளுக்கான கணக்காகவே கடைசிப் பக்கத்தில் கொடுக்கலாம் என்பது அந்தக் கிடைப் பேத்தியைப் பார்த்தபின் எனக்குத் தோன்றிய யோசனை. அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. இரண்டு பிள்ளைகள் பட்டியிலுள்ள எல்லா ஆடுகளையும் அளந்து நோட்டில் எழுதிவைத்திருந்தார்கள்.

பொலிகிடா விளம்பரப் பகுதியைப் பற்றி ஒருவரும் நேரடியாகக் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒருமுறை விளம்பரம் கொடுத்தவர் மறுமுறை கொடுப்பதில்லை. காரணத்தைச் சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குப் போய் அரைநாள் நின்றபோது கண்டுகொண்டேன். துண்டுக்கு அடியில் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தொகை தெரியாது. அப்படிப் பேசுகிறவரிடம், “விலை ரூபாய் இவ்வளவு” என்று அச்சில் போடச் சொன்னது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்! அச்சிட்ட விலையைத் தரகர் கையில் வைத்துக்கொண்டு அதற்குக் கீழேயிருந்தே பேரத்தைத் தொடங்குவார் என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் பிறகு விளக்கினார். விலையை எடுத்துவிட்டு, ஆட்டின் வயதைப் பல்கணக்கிலும் (இரண்டு பல், நாலு பல்), தாய் எத்தனை குட்டி ஈன்றது என்பதையும் போடத் தொடங்கினோம்.

ஏர்வாடிக்குக் கிழக்கே ஒரு கடற்கரைக் குடியிருப்பில் நடந்தது வேறு வகை. அங்கே மீன்பிடிக் குடும்பங்களில் வீட்டுக்கு இரண்டு மூன்று கொடி ஆடுகள் உண்டு, பார்த்துக்கொள்பவர்கள் பெண்கள். பலர் கடலில் பாசி எடுக்கப் போகிறவர்கள். உறுப்பினர் பதிவு மட்டும் கணவர் பெயரில் இருந்தது. மடல் அவர் பெயருக்கு வந்தது. அவரோ கடலுக்குப் போயிருப்பார். “எங்களுக்கா வருதுன்னு எங்களுக்கே தெரியாதுண்ணே” என்றார் ஒரு பெண். அவர்களுக்கு எழுத்தில் கருத்துச் சொல்ல நேரமில்லை, விருப்பமும் இல்லை. ஆனால் குரல்பதிவு அனுப்பச் சொன்னதும், கைப்பேசி நிரம்பிவிட்டது. நான் எதிர்பார்த்தே இராத இரண்டு செய்திகள் அதில் வந்தன. கரையில் கிடக்கும் நைலான் வலைத்துண்டுகளை ஆடு மென்று விழுங்கி இரைப்பையில் அடைத்துக்கொள்கிறது என்பது ஒன்று. சந்தனக்கூடு நாட்களிலும் கல்யாண வீடுகளிலும் மிஞ்சும் சோற்றை ஆட்டுக்கு அள்ளிவைத்து, மறுநாள் வயிறு உப்பி ஆடு சாகிறது என்பது இன்னொன்று. முன்பு நாங்கள் “தானியத் தீவன மிகையால் ஏற்படும் அமிலநோய்” என்று ஒரு கட்டுரையே போட்டிருந்தோம். அது தங்கள் விருந்துச் சோற்றைப் பற்றியது என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு நான் இடம் வைக்கவுமில்லை. அடுத்த மடலில் அதே செய்தி “விருந்துச் சோறு” என்ற தலைப்பில், ஆடு சோற்றுப் பாத்திரத்தில் வாய்வைத்துவிட்டால் முதலில் தீனியை நிறுத்துவது, உடனே கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 எண்ணுக்கு அழைத்து மருத்துவரிடம் கேட்பது என்று நாலு வாக்கியங்களில் வந்தது. உறுப்பினர் பட்டியலில் ஆட்டைப் பார்த்துக்கொள்பவர் பெயரைச் சேர்க்கும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று பத்திகள்: சொன்னது, அவர் வீட்டில் நான் கண்டது, நாங்கள் செய்ய முடிவது. நடுப்பத்திதான் அதிகம் பயன்பட்டது. “நல்லா இருக்கு” என்று முதல் பத்தியில் இருக்கும். நடுப்பத்தியில் “கொடாப்பின் அடியில் விரித்திருக்கிறார்கள்” என்று இருக்கும்.

புதிய மடலைச் சித்திரையில் அமைத்தோம். முதல் பக்கத்தில் தலைவர் படம் இல்லை. இந்த இரண்டு தமிழ் மாதங்களில் செய்யவேண்டியது மட்டும், ஒரு வரிக்கு ஒரு வேலையாக. துள்ளுமாரி ஊசி என்றால் அது ஆவணி மடலில் வரும். முதன்முறை போடும் ஆட்டுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று. ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி ஒருமுறை போட்டால் ஏறக்குறைய மூன்று ஆண்டு தாங்கும் என்பதால், போட்ட ஆண்டை எழுதிவைக்க ஒரு கோடு. தலைவர் உரை நான்காம் பக்கத்துக்குப் போனதில் தலைவருக்குச் சிறு வருத்தம் இருந்தது. ஏழு செம்மறி வீட்டுக்கு அவரையே அழைத்துப்போய்க் கம்பியைக் காட்டியபின் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுத்து 16 புள்ளி அளவுக்கு ஏறியது. செய்திகள் பாதியாகக் குறைந்தன. உப்புக்காற்றில் மெல்லிய தாள் ஒரு வாரத்தில் நமத்துத் தொங்குவதால் சற்றுக் கனமான தாளுக்கு மாறினோம். இடதுமேல் மூலையில் ஒரு துளையும் போட்டு வாங்கினோம், எப்படியும் கம்பிக்குத்தானே போகிறது என்று. அந்தத் துளை, எழுத்தின் மேல் விழாதபடி இடம் விட்டிருந்தது எங்கள் மடலில் நிகழ்ந்த மிகச் சிறந்த அச்சுத் திருத்தம் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், வரைவை மூன்று வீடுகளில் வாசிக்கச் செய்து கேட்டோம். இந்தப் பழக்கத்தை விட்டுவிடக்கூடாது என்பதற்கு முதல் முறையே ஒரு காரணம் கிடைத்தது. அல்பெண்டசோலை ஆடு சினையான முதல் மாதத்தில் கொடுக்கக்கூடாது, கருவுக்குக் கேடு. நான் அதை “சினைப்பருவத்தில் கொடுக்கவேண்டாம்” என்று எழுதியிருந்தேன். கால்நடைத் துறையின் வழக்கில் சினைப்பருவம் என்பது கிடாவைத் தேடும் காலம். கருத்தரித்தபின் உள்ள காலம் அன்று. மருத்துவர் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். வாசித்துக் கேட்ட வீட்டுக்காரரோ, “ஆடு கத்தித் திரியிற அன்னைக்குக் குடுக்கக் கூடாதாக்கும்” என்று சரியாகவே, அதாவது நான் எழுதியபடியே, புரிந்துகொண்டார். பிழை முழுவதும் தமிழாசிரியருடையது. “கிடா விழுந்து ஒரு மாதம் ஆகும் வரை கொடுக்கவேண்டாம், எப்போது விழுந்தது என்று தெரியாவிட்டால் மருத்துவரைக் கேட்கவும்” என்று மாற்றினோம். கிடா விழுவது என்றால் ஆடு கிடாவோடு இணைவது.

சித்திரை மடல் போன பின் மறுபடியும் வீடுகளுக்குப் போனேன், அதே மூன்று கேள்விகளோடு. பெரும்பாலான வீடுகளில் தாள் கம்பியில் இருந்தது. இம்முறை முதல் பக்கம் வெளியே தெரியும்படி. நான்கு வீடுகளில் வாசிக்க ஆளில்லாமல் அப்படியே கிடந்தது. ஒரு வீட்டில் விருந்துச் சோற்றுப் பகுதியை மட்டும் கிழித்து அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

கிடையோடு வெளியூர் போய்விட்டவர்களை எப்படி எட்டுவது என்பதற்கு நாங்கள் வழி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கீதாரியின் பேத்தி கண்டுபிடித்திருந்தாள். மடல் வீட்டுக்கு வந்த அன்றே, முழுவதையும் கைப்பேசியில் வாசித்துப் பதிந்து, திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிடை போட்டிருந்த தாத்தாவுக்கு அனுப்பிவிட்டாள். அவர் அதைப் பக்கத்துக் கிடைக்காரர்களுக்குப் போட்டுக் காட்ட, இரண்டு பேர் எங்கள் எண்ணுக்குச் சந்தேகம் கேட்டுப் பேசினார்கள். அவளுடைய பெற்றோரின் ஒப்புதலோடு, இனி ஒவ்வொரு மடலையும் அவளே வாசித்துப் பதிந்து தருவதென்று ஏற்பாடு செய்திருக்கிறோம்.

அவள் அனுப்பிய முதல் பதிவைக் கையில் மடலை வைத்துக்கொண்டு கேட்டேன். “குடற்புழு நீக்க மருந்து” என்று அச்சில் இருந்த நான்கு இடங்களிலும் அவள் “பூச்சி மருந்து” என்று மாற்றி வாசித்திருந்தாள். தாத்தாவுக்கு அப்படிச் சொன்னால்தான் புரியும் என்றாள். ஆட்டுக்காரர்கள் வழக்கில் அது சரிதான். ஆனால் மிளகாய்க் கொல்லைக்கு அடிக்கும் நஞ்சையும் இங்கே எல்லாரும் பூச்சி மருந்து என்றுதான் சொல்கிறார்கள், இரண்டு புட்டியும் ஒரே மாடக்குழியில் இருக்கும் வீடுகளும் உண்டு. நானும் அவளும் தொலைபேசியில் கால்மணி நேரம் இதைப் பற்றிப் பேசினோம். ஆனி மடலில் “வயிற்றுப் பூச்சி மருந்து” என்று அச்சிட்டிருக்கிறோம்.